சாய்ந்த திரை

பழுதுபட்ட பொருளை எறிந்துவிடுதல் எளிது. பழுதின் காரணத்தைத் தேடிக் காணுதல் அரிது. ஓடாத கடிகாரத்தை ஓங்கித் தட்டுவோரும், பாடாத வானொலியைப் பழைய பொருள் வாங்குவோரிடம் விற்போரும் உலகிற் பலர். கடிகாரம் ஏன் நின்றது, வானொலி ஏன் வாய்மூடிற்று என்று அமர்ந்து ஆராய்வோர் சிலரே. அச்சிலருள் ஓர் இளைஞரின் வரலாறு இது. அவர் போர்க்களத்தில் வென்றவர் அல்லர். புதிய கோளைக் கண்டவரும் அல்லர். ஒரு சிறு நூலகத்தின் கணிப்பொறித் திரைகள் சாய்ந்து தோன்றியதன் காரணத்தைப் பத்து நாள் தேடிக் கண்டவர், அவ்வளவே.

அந்நூலகம் ஒரு சிற்றூரில் இருந்தது. அங்கே ஐந்து மடிக்கணிப்பொறிகள் இருந்தன. நன்கொடையாக வந்த பழைய பொறிகள் அவை. ஐந்தும் ஒரே வகையின. ஊர்ப் பிள்ளைகள் மாலைதோறும் அவற்றின்முன் அமர்ந்து பாடம் படிப்பர். வேலைக்கும் கல்லூரிக்கும் விண்ணப்பம் அனுப்புவர். நகரத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அவ்விளைஞர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். சிறுவயதில் அவருக்கு முதல் நூலை எடுத்துக் கொடுத்தவர் அந்நூலகரே. அந்நன்றியை மறவாத இளைஞர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பொறிகளின் இயங்குதளத்தையும் புதிய பதிப்பிற்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாட் காலையில் நூலகர் பொறிகளை இயக்கினார். திரையில் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. குறுக்கே வெட்டி இழுத்த நாடாக்களைப் போலச் சாய்ந்த பட்டைகளே தெரிந்தன. ஐந்து திரைகளிலும் அதே காட்சி. கடைத்தெருவிலிருந்து வந்து பார்த்த பழுது நீக்குபவர், "திரைகள் கெட்டுவிட்டன, மாற்ற வேண்டும். மாற்றும் செலவு பொறிகளின் விலையைவிட மிகுதி" என்று கூறிச் சென்றார். நூலகக் குழுவினர் மறுநாள் மாலை கூடி, பொறிகளைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடுவது பற்றி முடிவு செய்வதாக இருந்தனர்.

செய்தி அறிந்து ஓடி வந்த இளைஞரின் முகம் வாடியிருந்தது. நூலகர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

"தம்பி, நீ நல்லது செய்யவே வந்தாய். அதை நான் அறிவேன். ஆனால் குழுவினர்க்கு என்ன விடை சொல்வது?" என்று மட்டும் கேட்டார்.

"ஐயா, இன்று இரவு மட்டும் பொறிகளை என்னிடம் விடுங்கள். நாளை விடை சொல்கிறேன்" என்றார் இளைஞர்.

நோய் இன்னதென்று ஆராய்ந்து, அது தோன்றிய காரணத்தையும் கண்டு, அதன் பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்குக் கூறிய அறிவுரை. மனித உடலுக்குப் பொருந்தும் அவ்வுரை பொறிகளுக்கும் பொருந்தும். இளைஞர் அவ்வழியே சென்றார்.

திரைகள் கெட்டுவிட்டன என்பது முதலாவது கருத்து. அதை அவர் ஐயுற்றார். ஐந்து பேருக்கு ஒரே இரவில் ஒரே இடத்திற் கால் முறியுமா? ஒரு பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கி, திரையை உற்று நோக்கினார். இயங்குதளம் விழித்தெழுவதற்கு முன்னர், பொறியைச் செய்தவர்களின் சின்னம் சில நொடிகள் திரையில் தோன்றுவதுண்டு. அச்சின்னம் கோணல் இன்றி நேராகவே தோன்றியது. எனவே திரை கெடவில்லை என்பது தெளிவாயிற்று.

இயங்குதளத்தின் நடுவே உட்கரு என ஒரு பகுதி உண்டு. நினைவகம், திரை, விசைப்பலகை முதலிய உறுப்புக்களையெல்லாம் ஆள்வது அதுவே. புதிய உட்கரு வந்த பின்னும் பழையதை உடனே அழித்துவிடாமல் வைத்திருப்பது அவ்வகை இயங்குதளங்களின் வழக்கம். இளைஞர் பழைய உட்கருவைத் தேர்ந்தெடுத்துப் பொறியை இயக்கினார். திரை பளிச்சென்று நேராக நின்றது. புதியதைக் கொண்டு இயக்கினார். மீண்டும் சாய்ந்த பட்டைகள். பழுது புதிய உட்கருவில் உள்ளது என்பது இரண்டாவது தெளிவு.

மறுநாள் மாலை குழுவினர் கூடியபோது ஐந்து பொறிகளும் பழைய உட்கருவைக் கொண்டு செவ்வனே இயங்கின. விற்கும் பேச்சு அத்துடன் நின்றது. நூலகர் மகிழ்ந்து, "இதுவே போதுமே, தம்பி! இனி உனக்கு என்ன கவலை?" என்றார்.

"போதாது, ஐயா. பழைய உட்கருவிற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நெடுநாள் வாரா. என்றேனும் புதியதற்கு மாறியே தீரவேண்டும். அன்று திரை மீண்டும் சாயும். இதே வகைப் பொறி வேறு எத்தனை ஊர்களில் இருக்கிறதோ! அங்கெல்லாம் இவற்றை இரும்பு விலைக்கு விற்றிருப்பார்கள்" என்றார் இளைஞர்.

அன்றிரவே தேடல் தொடங்கியது.

கணிப்பொறித் திரை என்பது எண்ணற்ற ஒளிப்புள்ளிகளின் தொகுதி. அந்நூலகப் பொறிகளின் திரையில் ஒரு வரிசைக்கு 1366 புள்ளிகள். அத்தகைய வரிசைகள் 768. ஆக, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க நினைவகத்தில் 4 பைட் இடம் வேண்டும். நிரல்கள் முதலில் நினைவகத்தில் படத்தை வரைகின்றன. பின்னர் திரைக்குரிய பகுதி அதனை வரிசை வரிசையாகப் படித்து, நொடிக்கு 60 முறை திரையில் ஒளிரச் செய்கிறது. வரைதல் ஒரு செயல். படித்தல் மற்றொரு செயல். பழுது எச்செயலில் உள்ளது?

இதை அறிய அவர் ஓர் எளிய சோதனை செய்தார். தம் கணிப்பொறியை வலையமைப்பின் வழியாக நூலகப் பொறியோடு இணைத்து, அதன் நினைவகத்தில் இருந்த படத்தை அப்படியே பிரதி எடுத்தார். நூலகப் பொறியின் திரையில் பட்டைகள் சாய்ந்து கிடந்தன. ஆனால் அப்பிரதியோ எள்ளளவும் பிழையின்றி இருந்தது! ஆகவே வரைந்தவர் மீது குற்றம் இல்லை; படிப்பவரே தடுமாறுகிறார் என்பது புலனாயிற்று.

அடுத்து, திரை முழுவதையும் கறுப்பாக்கி, நடுவில் நெட்டாக ஒரே ஒரு வெண்கோடு வரையச் செய்தார். திரையில் அக்கோடு நெட்டாக நிற்கவில்லை. ஒவ்வொரு வரிசை கீழே இறங்கும்போதும் வலப்புறமாகச் சரியாக 10 புள்ளிகள் விலகி ஓடியது. 10 புள்ளிகளுக்கு 40 பைட். குறிப்பேட்டில் 40 என்று எழுதி வட்டமிட்டார். பிறகு பொறியின் திரைக்கு மாறாக 1920 புள்ளி அகலமுள்ள வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தார். அதிற் கோடு நேராகவே நின்றது. அவருக்கு வியப்பு மிகுந்தது. அதே பொறி, அதே உட்கரு. ஒரு திரை சாய்கிறது, மற்றொன்று நிமிர்ந்து நிற்கிறது. அதையும் குறித்துக்கொண்டார். காரணம் அப்போது விளங்கவில்லை.

பழைய உட்கருவிற்கும் புதியதற்கும் இடையே பல நாட்டுப் பொறியாளர்கள் செய்த மாற்றங்கள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பதற்கு விடுமுறை போதாது. இதற்கு ஒரு வழி உண்டு. அவ்வழியை மாலையில் நூலகத்திற்கு வந்த பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகவே அவர் விளக்கினார்.

"1000 பக்கமுள்ள அகராதியில் ஒரு பக்கத்தை மனத்தில் எண்ணிக்கொள். நான் பத்தே கேள்விகளிற் கண்டுபிடிக்கிறேன்" என்றார் ஒரு சிறுவனிடம்.

"அது 500-ஆம் பக்கத்திற்கு மேற்பட்டதா?" என்பது முதற்கேள்வி. "ஆம்" என்றான் சிறுவன். "750-க்கு மேற்பட்டதா?" என்பது அடுத்த கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் எஞ்சிய பக்கங்கள் பாதியாகக் குறைந்தன. பத்தாவது கேள்வியில் பக்கம் பிடிபட்டது. பிள்ளைகள் கைகொட்டினர்.

மாற்றங்களின் வரிசையிலும் இவ்வாறே செய்யலாம். நடுவில் உள்ள மாற்றம் வரை சேர்த்து ஓர் உட்கருவை ஆக்கிப் பார்க்கவேண்டும். திரை நேராக இருந்தால் பிழை பிற்பாதியில், சாய்ந்திருந்தால் முற்பாதியில். பத்தாயிரம் மாற்றங்கள் ஆயினும் 14 படிகளில் விடை கிடைத்துவிடும். லினக்ஸ் உட்கருவை 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய பின்லாந்து நாட்டவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 2005-ஆம் ஆண்டில் 'கிட்' என்னும் கருவியை உருவாக்கினார். நிரல்களின் மாற்றங்களையெல்லாம் வரிசை தவறாமற் பதிவு செய்து காப்பது அக்கருவி. இங்ஙனம் பாதி பாதியாகப் பகுத்துத் தேடுதற்கு அதில் ஒரு கட்டளையே உண்டு. இளைஞர் அதனையே துணையாகக் கொண்டார்.

அன்று ஒரு மாணவி, "ஐயா, நிரலில் வரும் பிழையை ஆங்கிலத்தில் ஏன் பூச்சி என்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"அமெரிக்க நாட்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு என்னும் பெருங்கணிப்பொறி 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பழுதுற்றது. திறந்து தேடியபோது மின்னிணைப்பு ஒன்றினுள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அங்கே பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் அக்கதையைப் பல இடங்களிற் கூறிப் பரப்பினார். ஆனால் பெயர் அதற்கும் மூத்தது. கருவிகளில் தோன்றும் குறையைப் பூச்சி என்று எடிசன் 1878-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்" என்று விடை கூறினார் இளைஞர்.

"ஒரு சிறு பிழை ஐந்து பொறிகளையும் முடக்குமா?" என்று அருகிலிருந்த நூலகர் வினவினார்.

"முடக்கும், ஐயா. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தெலுங்கு எழுத்துக் கூட்டு ஒன்றைத் திரையிற் காட்ட முயன்றபோது ஐபோன்களிற் செயலிகள் முடங்கின. உலகெங்கும் பலர் அல்லலுற்றனர். அத்திங்களிலேயே திருத்தம் வந்தது. எழுத்தின் மீது தவறில்லை, அதனைத் தீட்டும் நிரலில்தான் தவறு" என்றார் அவர்.

தேடல் தொடர்ந்தது. ஒவ்வொரு படியிலும் உட்கருவைப் புதிதாக ஆக்க ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. ஆக்குவதும், பொறியில் ஏற்றுவதும், இயக்கிப் பார்ப்பதும், நேர் அல்லது சாய்வு என்று குறிப்பதுமாக இரவுகள் கழிந்தன. ஐந்தாம் இரவில் 14-ஆம் படியும் முடிந்தது. குற்றவாளி இன்னது என்று கருவி ஒரு மாற்றத்தைக் காட்டியது. இளைஞர் ஆவலோடு திறந்து பார்த்தார். அது விசைப்பலகையின் விளக்கைப் பற்றிய மாற்றம்! திரைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஐந்து இரவின் உழைப்பு வீணாயிற்றோ என்று அவர் உள்ளம் தளர்ந்தது. "கருவி பொய் சொல்கிறது" என்று கூறிக் கைவிட்டுவிடவும் ஒருகணம் எண்ணினார். ஆனால் பிறர்மீது பழி கூறுமுன் தம் செயலைச் சரிபார்க்கவேண்டும் என்று தோன்றியது. குறிப்பேட்டை முதலிலிருந்து புரட்டினார். ஒவ்வொரு படியிலும் இயக்கிய உட்கருவின் அடையாள எண்ணைத் தவறாமல் எழுதி வைத்திருந்தார். 8-ஆம் படியில் இருந்த அடையாள எண்ணே 9-ஆம் படியிலும் இருந்தது. நள்ளிரவு கடந்த நேரத்திற் செய்த படி அது. புதிதாக ஆக்கியதைப் பொறியில் ஏற்ற மறந்து, முந்தியதையே மறுமுறை இயக்கிப் பார்த்துவிட்டு, "நேர்" என்று எழுதியிருந்தார்.

தவறு அவருடையதே. பொறியும் பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. அவர் கொடுத்த தவறான விடையை நம்பிக் கருவி தவறான வழியிற் சென்றது. தம் பிழையைக் கண்டு அவர் நாணினார், ஆயினும் மறைக்கவில்லை. அப்படியின் எதிரே, "இது என் தவறு" என்று எழுதிவிட்டு, 9-ஆம் படியிலிருந்து மீண்டும் தொடங்கினார். இம்முறை அப்படியில் திரை சாய்ந்தது. இரண்டு இரவுகள் மேலும் கழிந்தன. மீண்டும் 14-ஆம் படி முடிந்தபோது, திரைக்குரிய பகுதியில் செய்யப்பட்ட ஒரு சிறு மாற்றம் கண்முன் நின்றது. அது மூன்றே வரி.

அவ்வரிகளைப் படித்ததும், குறிப்பேட்டில் வட்டமிட்டிருந்த 40 என்னும் எண் பொருள் பெற்றது. 1366 புள்ளிகளுக்கு, புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் ஒரு வரிசைக்கு 5464 பைட் ஆகும். ஆனால் அப்பொறியின் திரைப்பகுதி நினைவகத்தை 64 பைட் கொண்ட கட்டுக்களாகவே கையாள்வது. 5464 என்பது 64-ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் 40 பைட் வெற்றிடம் விட்டு, 5504 பைட் என்று முழுமையாக்கி வைப்பர். 64-ஐ 86-ஆற் பெருக்கினால் வருவது 5504. ஏட்டில் எழுதுவோர் வரியின் இறுதியிற் சிறிது இடம் விடுவது போன்றது இது. வரைந்த நிரல் அவ்விடத்தை விட்டு வரைந்தது. படிக்கும் பகுதியோ, புதிய மாற்றத்தினால், இடம் விட்டிருப்பதை மறந்துபோயிற்று. ஒவ்வொரு வரிசையும் 5464 பைட்டில் முடிந்தது என்று கொண்டு, எஞ்சிய 40 பைட்டை அடுத்த வரிசையின் தொடக்கமாகப் படித்தது. அதனால் வரிசைக்குப் பத்துப் புள்ளியாகப் படம் நகர்ந்துகொண்டே சென்றது.

1920 புள்ளி அகலமுள்ள வெளித்திரை ஏன் சாயவில்லை என்பதும் விளங்கிற்று. 1920-ஐ நான்கால் பெருக்கினால் 7680. அது 64-ஆல் சரியாக 120 முறை வகுபடும். அங்கே வெற்றிடமே தேவையில்லை. ஆதலால் மறதியும் வெளிப்படவில்லை.

இளைஞர் விடுபட்ட கணக்கை மீண்டும் சேர்த்து உட்கருவை ஆக்கி இயக்கினார். நூலகத்தின் ஐந்து திரைகளும் நேராக நின்றன. அப்போது விடியற்காலம். பக்கத்தில் எவரும் இல்லை. சற்றுநேரம் அத்திரைகளையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

செய்யவேண்டிய செயல் இன்னும் ஒன்று இருந்தது. அம்மாற்றத்தைச் செய்தவர் தொலைநாட்டில் வாழும் ஒரு பொறியாளர், முன்பின் அறியாதவர். "உம்மால் எங்கள் நூலகம் பொறிகளை இழக்க இருந்தது" என்று சினந்து எழுத இளைஞருக்குக் காரணம் இருந்தது. ஆனால் வாடிய முகத்தோடு தாம் நின்ற அன்று நூலகர் தம்மைக் கடியாததும், 9-ஆம் படியில் தாமே இழைத்த தவறும் அவர் நினைவில் நின்றன. கண்டது என்ன, சோதித்தது எவ்வாறு, கணக்கு எங்கே விடுபட்டது, திருத்தம் எது என்பவற்றை வரிசையாக எழுதி மின்மடல் அனுப்பினார். அதிற் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை.

மறுநாளே விடை வந்தது. இரண்டு இடங்களில் இருந்த ஒரே கணக்கை ஒன்றாக்கிச் சுருக்கும் நல்லெண்ணத்தோடு அம்மாற்றத்தைச் செய்ததாகவும், தம் மேசைமீதுள்ள திரை 1920 புள்ளி அகலமுடையது ஆதலால் சோதித்தபோது பிழை தென்படவில்லை என்றும் அப்பொறியாளர் எழுதியிருந்தார். தவற்றை ஒப்புக்கொண்டு, நன்றி கூறி, திருத்தத்தை ஏற்றுக்கொண்டார். பிழையைக் கண்டவர் இன்னார் என்று இளைஞரின் பெயரையும் அம்மாற்றத்தின் குறிப்பிற் சேர்த்திருந்தார்.

சில திங்கள் சென்றன. இளைஞர் மீண்டும் ஊருக்கு வந்தபோது திருத்தம் அடங்கிய புதிய பதிப்பும் வந்திருந்தது. "தம்பி, ஐந்தையும் மாற்றிவிடலாமா?" என்று கேட்டார் நூலகர்.

"முதலில் ஒன்றை மட்டும் மாற்றுவோம், ஐயா. ஒரு வாரம் பிள்ளைகள் அதிற் படிக்கட்டும். பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம்" என்றார் இளைஞர்.

நூலகர் புன்னகை புரிந்தார். அவ்வொரு பொறியின்முன் அன்று மாலை ஒரு மாணவி அமர்ந்து கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். திரை நேராக நின்றது. அதற்குப் பின்னால் எத்தனை இரவுகள் கழிந்தன என்பது அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டுவதும் இல்லை.

பிழை செய்யாதவர் உலகில் இல்லை. தம் கண்ணுக்கு நேராகத் தோன்றுவது எல்லார் கண்ணுக்கும் நேராகவே தோன்றும் என்று எண்ணுவதே பல பிழைகளுக்குப் பிறப்பிடம். அதனைக் கண்டுபிடிக்கக் கூரிய அறிவு மட்டும் போதாது. கண்டதைக் கண்டபடி எழுதி வைக்கும் நேர்மை வேண்டும். தம் தவற்றைத் தாமே ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும். பிறர் தவற்றைப் பழிக்காமல் எடுத்துரைக்கும் பண்பு வேண்டும். இம்மூன்றும் உடையவர் கையிற் சாய்ந்தவை நிமிரும்.